பதினேழு மில்லிமீட்டர்

அத்தியாயம் 9

நாற்பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணி. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இடையில் இருந்த நேரத்தை அவள் எண்ணி வைத்திருந்தாள். எண்ணுவது அவள் தொழில். குழாயில் வரும் குடிநீரில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து எழுதுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். பாலின் மேல்பரப்பு ஓரங்களில் ஏறி நடுவில் குழிந்திருந்தது. குழிவின் அடியைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தாள். முப்பது மில்லி. இரண்டு பக்கமும் சேர்த்து, நாற்பது நிமிடத்துக்கு.

நோட்டில் எழுதினாள். அது பதினான்காவது வரி. மேலே இருந்த பதின்மூன்று வரிகளிலும் ஏறக்குறைய இதே எண்தான்.

தொட்டிலில் பொட்டலம் தூங்கியது. வயது எண்பத்தாறு நாள். ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, "பொட்டலம் கட்டிக் குடுத்துட்டாங்க" என்றான் அவள் கணவன். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சான்றிதழில் வேறு பெயர் உண்டு. அதை இதுவரை தடுப்பூசி போடும் நர்ஸ் மட்டும்தான் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

பொட்டலத்துக்கு டப்பாப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு முறையும் வந்த வழியே திரும்பி வந்தது. பாட்டிலில் தாய்ப்பால் கொடுத்தால் மட்டும் சமர்த்தாகக் குடித்தது. ஆகவே அவள் வேலைக்குப் போகும் ஒன்பது மணி நேரத்துக்கு மூன்று பாட்டில் வேண்டும். பாட்டிலுக்கு நூறு மில்லி.

வேலைக்குப் போக வேண்டும் என்பதை அவள் மூன்று வாரம் முன்பு, சாப்பாட்டு மேசையில் சொன்னாள். மூன்றாவது மாசம் முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. கையிலிருந்த ரொட்டித் துண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

தாய்ப்பால் எடுக்கும் மெஷினைத் தேர்ந்தெடுத்தது அவள் கணவன். அவன் பம்ப் மெக்கானிக். மாடிக் கட்டடங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப், தொழிற்சாலைகளில் காற்றை உறிஞ்சும் பம்ப், எதையும் காதை வைத்துக் கேட்டே நோய் சொல்லிவிடுவான். பம்ப் விஷயத்தில் தனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பது அவன் நம்பிக்கை. பெரும்பாலும் அது உண்மையும்கூட.

புதன்கிழமை மருத்துவச் சாதனங்கள் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்குத் தனியாகப் போனான். பையில் உறிஞ்சு விசையை அளக்கும் கேஜை எடுத்துப் போயிருந்தான். கடையில் இருந்த ஒவ்வொரு மெஷினிலும் அதை மாட்டி ஓட விட்டுப் பார்த்தான். எதில் முள் அதிகம் ஏறியதோ அதை எடுத்து வந்தான். பெட்டியில் மார்பில் வைக்கும் புனல்கள் இரண்டு இருந்தன. பெரியதை மாட்டினான்.

காரணமும் சொன்னான். உறிஞ்சுகிற பக்கம் வாய் எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும், சிறிதாக இருந்தால் மோட்டார் திணறும், வரத்து குறையும். பத்து வருஷ அனுபவம். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. இயற்பியலில் தப்பில்லை.

இப்போது பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"எவ்ளோ?"

"முப்பது."

"எதுல வெச்ச?"

"ஏழுல."

"ஒன்பது வரைக்கும் இருக்கே."

"நீ வெச்சுப் பாரேன் ஒன்பதுல," என்றாள்.

வெளியே இருமல் சத்தம் கேட்டது. அத்தை வருகிறார். அவன் அம்மா. அவர் வந்தால் இவள் வாயில் 'நீ' என்பது 'நீங்க' ஆகிவிடும். அத்தைக்கும் அது தெரியும். அதனால்தான் வரும்போதே இருமிக்கொண்டு வருவார்.

அத்தை தையல்காரர். முன்னறைதான் அவர் கடை. பெரும்பாலும் ஆல்டரேஷன் வேலை. பேன்ட் மடிப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்தவருக்குப் பிடிப்பது, பருத்தவருக்குப் பிரிப்பது. இரண்டு நாளாக அவர் மேசையில் மருமகளின் வெள்ளைக் கோட்டு கிடந்தது. பிரசவத்துக்கு முன் சரியாக இருந்தது இப்போது பட்டன் போட வரவில்லை. பக்கவாட்டுத் தையலைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டிலைப் பார்த்தார். பிறகு பிரிட்ஜ் கதவைப் பார்த்தார்.

அங்கே காந்தத்தில் ஆய்வக மேலாளரின் விசிட்டிங் கார்டு ஒட்டியிருந்தது. பொட்டலம் பிறந்தபோது பூங்கொத்தோடு வந்தவர் கொடுத்துவிட்டுப் போனது. அன்று அத்தை அவருக்கு இரண்டு கப் டீ கொடுத்தார். இந்த மூன்று வாரமாக அந்த டீயை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

"அந்த மனுஷனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்ல? இன்னும் கொஞ்ச நாள் லீவு குடுக்கச் சொல்லி நான் பேசறேன் அவர்கிட்ட. ரெண்டே வார்த்தை."

அத்தையின் இரண்டு வார்த்தை எவ்வளவு நேரம் ஓடும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன முறை மின்சார அலுவலகத்தோடு பேசியபோது முக்கால் மணி நேரம் ஓடியது.

அவள் வேண்டாம் என்றாள். கொஞ்சம் வேகமாகவே சொன்னாள். கடைசியில் மூவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இன்று மாலை ஆறு மணிக்குள் ஒரே தடவையில் ஒரு பாட்டில் நிறைய வேண்டும். நிறையாவிட்டால் அத்தை மேலாளருக்கு போன் போடுவார்.

மெக்கானிக் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் பம்ப் மாற்றும் வேலை. போகும்போது, ஒன்பதில் வைத்துப் பார் என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனான்.

ஒன்பதரைக்கு அவள் போனில் செய்தி வந்தது. மேலாளர்தான். மூன்றாவது முறையாக அதே கேள்வியைக் கேட்டிருந்தார். அவள் மூன்றாவது முறையாக அதே பதிலை அனுப்பினாள். பிறகு இரண்டையும் அழித்தாள்.

முன்னறை வழியாகத் துணி காயப்போடப் போகும்போது, அலமாரியின் மேல்தட்டு வெறுமையாக இருப்பதைக் கவனித்தாள். இந்த வார ஆரம்பத்தில் அங்கே நீல வெல்வெட் சுருள்கள் இருந்தன. ஒரு நாடகக் குழு அத்தையிடம் கொடுத்த வேலை. முப்பத்திரண்டு உடைகள். வெல்வெட் வந்த அன்று அத்தை அதை மேசையில் விரித்து, ஒரு திசையில் தடவினார், பிறகு எதிர்த் திசையில் தடவினார். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் தைத்ததைத்தான் பிரித்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன், இது முதல் வெட்டிலிருந்து என்னுடையது என்றார்.

தூசு படாமல் எங்கேயாவது மாற்றி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு அவள் மாடிக்குப் போனாள்.

பதினொரு மணிக்கு மறுபடி உட்கார்ந்தாள். ஒன்பதில் வைத்தாள்.

வலித்தது. மோட்டார் சீராக ஓடியது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை இழுக்கிறது என்று எண்ணினாள். எண்ணினால் வலி கொஞ்சம் தள்ளி நிற்கும். பிரசவத்தின்போதும் அப்படித்தான் செய்தாள்.

அரை மணி நேரத்தில் இருபத்தைந்து மில்லி. பதினைந்தாவது வரி.

கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்ல அத்தை உள்ளே வந்தார். இந்த முறை இரும மறந்துவிட்டார். அவள் சட்டையை இழுத்து மூடுவதற்குள், மார்பில் பதிந்திருந்த சிவந்த வட்டத்தைப் பார்த்துவிட்டார்.

அத்தை உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோட்டில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அந்தப் புனலைக் குடு."

கொடுத்தாள். அத்தை அதன் குழலுக்குள் கட்டை விரலை விட்டார். விரல் உள்ளே ஆடியது. விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"இது உனக்குத் தெச்சது இல்ல. வேற யாருக்கோ தெச்சது."

குழலின் அடியில் பொடி எழுத்தில் இருபத்தெட்டு என்று அச்சிட்டிருந்தது. மில்லிமீட்டர் என்று அவள் சொன்னாள்.

"யாரு அளந்தா?"

யாரும் அளக்கவில்லை. வந்த பாலைப் பதினைந்து முறை அளந்திருக்கிறாள், குழிவின் அடியைப் பார்த்து, அரை மில்லி பிசகாமல். பால் எதன் வழியாக வருகிறதோ அதை அளக்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

அத்தை முன்னறைக்குப் போய் ஒரு கெட்டி அட்டையோடு திரும்பினார். பட்டன் அட்டை. யாராவது ஒரு பட்டனைத் தொலைத்துவிட்டு வந்தால், சட்டையில் மிச்சமிருக்கும் பட்டனை இதில் வைத்துப் பார்த்து அளவு சொல்வார். வரிசையாகப் பட்டன்கள் தைக்கப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் மில்லிமீட்டர் எழுதியிருந்தது. ஒன்பதில் தொடங்கி முப்பத்திநாலு வரை.

"நான் ஜன்னலப் பாத்துட்டு நிக்கறேன். நீயே வெச்சுப் பாரு. காம்போட அகலம் மட்டும். சுத்தி இருக்கறது கணக்கு இல்ல."

அத்தை ஜன்னலைப் பார்த்து நின்றார். எதிர் வீட்டில் யாரோ சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அட்டையை ஓரமாகப் பிடித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். பதினைந்து சிறிது. இருபது பெரிது. ஒரு பழுப்புப் பட்டனில் நிறுத்தினாள்.

"பதினேழு."

"கோட்டுக் கைப் பட்டன்," என்றார் அத்தை திரும்பாமலே. "அதுக்கு இருபத்தெட்டுல காஜா எடுத்தா பட்டன் எப்படி நிக்கும்? வெளியில இருக்கற தோலையும் சேத்து உள்ள இழுத்திருக்கு. அதான் செவந்து கெடக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளாக வராத சிரிப்பு. அது கொஞ்சம் அழுகை மாதிரியும் வந்தது. அத்தை அதைக் கவனிக்காதவர் போல அட்டையை வாங்கிக்கொண்டார்.

மகனுக்கு போன் போட்டது அத்தைதான். மாடிக் காற்றின் சத்தத்துக்கு நடுவே அவன் உறிஞ்சுகிற பக்கத்தின் வாய் பற்றி மறுபடி விளக்க ஆரம்பித்தான்.

"டேய்," என்றார் அத்தை. "இது கிணறு இல்லடா."

அவன் விளக்கத்தை நிறுத்தினான். பிறகு, சனிக்கிழமை அந்தக் கடை நாலு மணி வரைக்கும்தான், நேரே அங்கே வந்துவிடுகிறேன் என்றான்.

கடை நீளமாகவும் குறுகலாகவும் இருந்தது. கூரையிலிருந்து சக்கர நாற்காலிகள் தொங்கின. ஊன்றுகோல்கள் குடை போல ஒரு வாளியில் நின்றன. கடைக்கார அம்மாள் முன்பு நர்ஸாக இருந்தவர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். கிரீஸ் கறையோடு உள்ளே வந்த மெக்கானிக்கைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கேஜ் கொண்டு வந்தீங்களா இன்னைக்கும்?"

"இல்ல. அம்மா பட்டன் கொண்டு வந்திருக்காங்க," என்றான் அவன்.

அட்டையைப் பார்த்துவிட்டுக் கடைக்கார அம்மாள் அத்தையை மரியாதையாகப் பார்த்தார். என்னிடம் இதற்கென்று ஒரு காகித அளவுகோல் உண்டு, அன்றைக்கே கொடுக்க நீட்டினேன், உங்கள் பிள்ளை முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்றார். பதினேழு என்றால் பத்தொன்பது புனல். உரசாமல் ஆட ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இடம் விட வேண்டும்.

"லூஸ் விடறது," என்றார் அத்தை.

"அதேதான்."

புனலை மட்டும் மாற்றிக்கொண்டு போய்விடலாம் என்று மெக்கானிக் நினைத்தான். ஆனால் கடைக்கார அம்மாள் கண்ணாடி மேசையின் மேல் மூன்று மெஷின்களை வரிசையாக வைத்தார். வைத்துவிட்டு, அவனை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார். எங்கே உட்கார்ந்து எடுப்பீர்கள்? கதவு இருக்கிறதா? பக்கத்தில் பிளக் இருக்கிறதா? எடுத்து முடித்த கையோடு என்ன வேலை செய்வீர்கள்?

இந்தக் கேள்விகளை இதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தராசு அறை, என்றாள். ஆய்வகத்தில் உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு அதற்கு மட்டும்தான் உண்டு. ரசாயனம் எதுவும் அங்கே வராது. சுத்தமான இடம். ஆனால் அங்கே இருக்கும் தராசு, ஒரு கிராமைப் பத்தாயிரமாகப் பிரித்து அதில் ஒரு பங்கைக்கூடக் காட்டும். பக்கத்தில் ஒருவர் நடந்தால் எண் ஆடும். மேசையில் மோட்டார் வைத்தால் அவ்வளவுதான். அதனால் அந்த அறைக்குள் போனாலே எல்லோரும் மெதுவாக மூச்சு விடுவார்கள். கண்ணாடிக் கதவை மூடிவிட்டு, எண் ஆடி ஆடி ஓர் இடத்தில் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். நின்றதும் ஓரத்தில் சின்னதாக ஒரு விளக்கு எரியும். அதன் பிறகுதான் எழுதலாம். அவசரப்பட்டு எதுவும் செய்ய முடியாது.

சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். மூன்று மாதத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தையும்தான்.

கடைக்கார அம்மாள் பெரிய மெஷினை ஓரமாக நகர்த்தினார். அது மேசையில் வைத்து ஓட்டுவது, தராசுக்கு ஆகாது. அடுத்து, கையால் அமுக்கி எடுப்பது. சத்தம் இல்லை, பிளக் வேண்டாம். அவள் அதைக் கையில் எடுத்து நாலு முறை அமுக்கிப் பார்த்தாள். மணிக்கட்டு வலித்தது. இதைக் கால் மணி நேரம் அமுக்கிவிட்டுப் போய், சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட வேண்டிய கை அது. நடுங்கும். வேண்டாம் என்று வைத்தாள்.

மூன்றாவது ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது. பேட்டரியில் ஓடும். கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். அதனால் மேசையில் படாது. புதன்கிழமை மெக்கானிக்கின் கேஜில் முள் மிகக் குறைவாக ஏறியது இதற்குத்தான்.

"இதுல சக்ஷன் கம்மியா இருந்துச்சே," என்றான் அவன். குரலில் சண்டை இல்லை. சந்தேகம்தான்.

கடைக்கார அம்மாள் அதை ஓட விட்டு அவன் உள்ளங்கையில் வைத்தார். முதலில் வேகமாக, சின்னச் சின்னதாக இழுத்தது. இரண்டு நிமிடம் கழித்து நிதானமாக, ஆழமாக இழுக்க ஆரம்பித்தது. குழந்தையும் இப்படித்தான் என்றார். முதலில் சும்மா இழுத்துப் பால் இறங்கச் சொல்லிக் கேட்கும். இறங்கிய பிறகுதான் குடிக்கும். பெரிய மெஷினிலும் அதற்கு ஒரு பட்டன் உண்டு. யாராவது அமுக்கினார்களா?

யாரும் அமுக்கவில்லை. மெக்கானிக் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றான். எந்தப் பம்பையும் ஓட்டுவதற்கு முன் குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் வெறும் காற்றைத்தான் இழுக்கும். ப்ரைம் பண்ணுவது என்பார்கள். தொழிலுக்கு வந்த முதல் நாள் கற்ற பாடம்.

"ப்ரைம் பண்ணாம ஓட்டியிருக்கேன்," என்றான் மெதுவாக. "வேற யாராவது பண்ணியிருந்தா நான் என்ன திட்டு திட்டியிருப்பேன்."

"இதை எடுத்துக்கறேன்," என்று அவள் மூன்றாவதைத் தொட்டாள்.

பழைய மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் சீட்டை எழுதிக்கொண்டே, குழந்தைக்கு என்ன வயது என்று கடைக்கார அம்மாள் கேட்டார். எண்பத்தாறு நாள் என்றார் அத்தை.

"இவ்ளோ சீக்கிரமா கூப்பிட்டுட்டாங்களா? என் பொண்ணுக்கு ஆறு மாசம் குடுத்தாங்களே."

"இவங்க ஆபீஸ் மோசம்," என்றான் மெக்கானிக்.

அவள் பக்கத்தில் நின்ற சக்கர நாற்காலியின் பிரேக்கை உற்றுப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அத்தை ஒரு முறை அவளைப் பார்த்தார். பிறகு தன் தோளில் கிடந்த பொட்டலத்தின் தொப்பியைச் சரிசெய்தார்.

ஐந்தேகாலுக்கு உட்கார்ந்தாள். கணவன் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டே நோய் சொல்பவன் ஆயிற்றே.

புனல் பொருந்தி உட்கார்ந்தது. எங்கும் இழுக்கவில்லை, எங்கும் ஆடவில்லை. முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் வரவில்லை. அவள் எண்ணத் தொடங்கினாள். பிறகு எண்ண வேண்டிய வலி எதுவும் இல்லை என்று கவனித்து நிறுத்தினாள்.

மெஷின் நிதானமானது. ஒரு சொட்டு. இன்னொன்று. பிறகு அது சொட்டாக இல்லை, மெல்லிய கோடாக இருந்தது.

இருபது நிமிடம். பாட்டிலை ஜன்னலில் தூக்கிப் பிடித்தாள். குழிவின் அடி நூற்றைந்தில் நின்றது.

"நூத்தி அஞ்சு," என்றாள் கதவைப் பார்த்து.

வெளியே யாரோ சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

பாட்டிலை அத்தைதான் பிரிட்ஜில் வைத்தார். பிறகு கதவில் இருந்த மேலாளரின் கார்டைக் கழற்றினார். சொன்ன சொல் சொன்னதுதான் என்பது போல அதை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். காந்தம் மட்டும் கதவில் தனியாக நின்றது.

அவ்வளவுதான். இனி யாரும் மேலாளருக்கு போன் போடப் போவதில்லை. தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல அவளுக்கு இருந்தது.

அத்தை அவளை முன்னறைக்குக் கூப்பிட்டுக் கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இப்போது பட்டன் எல்லாம் வந்தது. பக்கவாட்டில் மட்டும் கை எதிலோ தட்டுப்பட்டது. இரண்டு பக்கமும், தையலுக்குள் மறைவாக, ஒரு திறப்பு வைத்திருந்தார் அத்தை. உள்ளே சின்னக் கொக்கி. கோட்டைக் கழற்றாமலே மெஷினை வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தையல் அவ்வளவு நேராக இருந்தது.

அவள் அந்தத் தையலைத் தடவினாள். கண் தானாக அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

"அந்த நீல வெல்வெட் எங்க அத்தை?"

அத்தை நூல்கண்டை டப்பாவில் போட்டார்.

"திருப்பிக் குடுத்துட்டேன்."

வியாழக்கிழமை நாடகக் குழுவிலிருந்து வந்தார்களாம். கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டாராம். பேன்ட் மடிக்கும்போது குழந்தை அழுதால் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகலாம். வெல்வெட்டில் கத்தரி வைத்தால் அப்படிப் போக முடியாது. ஒன்பது மணி நேரம் குழந்தை கையில் இருக்கும்போது ஊசியும் குண்டூசியும் இஸ்திரிப் பெட்டியுமாக முப்பத்திரண்டு உடை எப்படி ஆகும். ஞாயிற்றுக்கிழமை வரை வேறு ஆளைப் பார்க்க மாட்டோம், மனசு மாறினால் சொல்லுங்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்களாம். இதையெல்லாம் அத்தை வேறு யாரோ ஒருவரின் சங்கதி போலச் சொன்னார். சொல்லும்போது கை மட்டும் மேசையின் வெறும் பலகையை ஒரு திசையில் தடவிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ வேலைய விடறேம்ப. அவங்க கூப்பிட்டா நீ என்ன பண்ணுவ? போய்த்தானே ஆகணும். நீயா ஆசைப்பட்டா போற?"

உள்ளே பொட்டலத்துக்கு விக்கல் வந்தது. மெக்கானிக் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே முன்னறை வாசலில் வந்து நின்றான்.

அவள் கோட்டைக் கழற்றவில்லை. இப்போது சும்மா இருந்தால் போதும். கார்டு இழுப்பறைக்குள் இருக்கிறது. செய்திகளை அழித்தாகிவிட்டது. பாட்டில் நிறைந்திருக்கிறது. இன்னும் முப்பத்தெட்டு மணி நேரத்தில் தராசு அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, எண் நிற்கும் வரை காத்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

அத்தையின் கை பலகையில் திரும்பி எதிர்த் திசையில் தடவியது.

"அத்தை."

"என்னம்மா?"

"என்னை யாரும் கூப்பிடல. எனக்கு இன்னும் மூணு மாசம் லீவு இருக்கு. நான்தான் வர்றேன்னு எழுதிக் குடுத்தேன்."